தொடும் இடம் ஒன்று, குறி வைக்கும் இடம் வேறு

கேரம் ஆடுகிறீர்கள். ராணி மூலைக் குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அதன் எந்த இடத்தில் ஸ்ட்ரைக்கர் பட்டால் அது குழிக்குள் போகும் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த இடத்தையே குறிபார்த்துச் சுண்டுகிறீர்கள். ராணியோ பக்கச் சட்டத்தில் முட்டித் திரும்புகிறது. கை பிசகிவிட்டதா? இல்லை. கை சொன்னபடி செய்தது. குறி வைத்த இடம்தான் தவறு.

தெம்பனிஸ் வீவக வீட்டுக் கூடத்தில் கேரம் ஆடுபவருக்கும், உலகப் போட்டியில் பில்லியர்ட்ஸ் மேசை முன் நிற்பவருக்கும் இந்தச் சிக்கல் பொதுவானது. ஆறு குழிகள் உள்ள மேசையில் ஒன்பது பந்துகளை வைத்து ஆடும் ‘நைன்-பால்’ ஆட்டத்தில் 2014ஆம் ஆண்டு உலக இளையர் பட்டத்தை வென்றவர் சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப். 2021ல் அவர் அமெரிக்கப் பொது விருதுப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை முன்னேறினார். அதே ஆண்டில் உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தார். அந்த நிலையில் ஆடுபவர்கள் ஒரு மில்லிமீட்டர் பிசகையும் பொறுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்பதைக் கணிதம் சொல்கிறது.

பந்தைக் குழியில் தள்ளக் குறி வைக்கும் முறைகள் பல உண்டு. ‘என் முறைதான் சிறந்தது’ என்று ஆட்டக்காரர்கள் வாதிடுவதும் உண்டு. அவற்றுள் மூன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மோதலின் போது நடப்பது என்ன?

பில்லியர்ட்ஸில் நாம் கோலால் அடிப்பது வெள்ளைப் பந்தை. அது போய் மோதிக் குழிக்குள் தள்ள வேண்டிய பந்தை ‘இலக்குப் பந்து’ என்று வைத்துக்கொள்வோம். நைன்-பால் பந்துகள் எல்லாமே 57.15 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை.

இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொடுவது ஒரே ஒரு புள்ளியில்தான். அந்தக் கணத்தில் இரண்டு மையங்களையும் இணைக்கும் கோட்டின் வழியாகவே வெள்ளைப் பந்து இலக்குப் பந்தைத் தள்ளுகிறது. உராய்வை இப்போதைக்கு மறந்துவிட்டால், இலக்குப் பந்து அந்தக் கோட்டிலேயே ஓடும். வெள்ளைப் பந்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இது மாறாது.

ஆகவே குழியிலிருந்து இலக்குப் பந்தின் மையம் வழியாக ஒரு கோட்டைப் பின்பக்கம் நீட்டுங்கள். அந்தக் கோடு பந்தின் பின்புறத்தைத் தொடும் இடமே தொடு புள்ளி. ஆனால் மோதும் நேரத்தில் வெள்ளைப் பந்தின் மையம் அங்கே இருக்காது. அது இன்னும் ஓர் ஆரம் பின்னால், அதாவது இலக்குப் பந்தின் மையத்திலிருந்து முழு 57.15 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். குறி வைக்க வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

நேராக அடிக்கும்போது இரண்டு இடங்களும் ஒரே கோட்டில் இருப்பதால் சிக்கல் இல்லை. பக்கவாட்டில் வெட்டி அடிக்கும்போதுதான் வேறுபாடு தலைகாட்டும். வெள்ளைப் பந்து வரும் திசைக்கும் இலக்குப் பந்து போக வேண்டிய திசைக்கும் இடைப்பட்ட கோணத்தை ‘வெட்டுக் கோணம்’ என்போம். அது 30 டிகிரியாக இருக்க வேண்டிய ஓர் அடியில் தொடு புள்ளியையே குறி வைத்தால், கிடைப்பது ஏறத்தாழ 14.5 டிகிரி மட்டுமே. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழியைப் பந்து 25 சென்டிமீட்டருக்கும் மேல் தவறவிடும். முதலில் பார்த்த ராணிக்கு நேர்ந்ததும் இதுதான்.

முதல் முறை: கற்பனைப் பந்து

இலக்குப் பந்தின் பின்னால், குழிக்கு நேர்கோட்டில், இன்னொரு பந்து ஒட்டி நிற்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். அந்தக் கற்பனைப் பந்தின் மையத்தை நோக்கி வெள்ளைப் பந்தை அனுப்ப வேண்டும். ‘கோஸ்ட் பால்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

புரிந்துகொள்ள எளிது, எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தும். எனவே தொடக்கநிலையில் பெரும்பாலும் இதையே சொல்லிக்கொடுப்பார்கள். குறை என்னவென்றால், குறி வைக்கும் இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெறும் பச்சை அல்லது நீலத் துணி மட்டுமே இருக்கும். இல்லாத பந்தின் மையத்தை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, குனிந்து, கோலை நேராக்கி அடிக்க வேண்டும்.

இரண்டாம் முறை: இரட்டைத் தூரம்

தொடு புள்ளி கண்ணுக்குத் தெரியும் பந்தின் மேல் இருக்கிறது. அதைப் பயன்படுத்த முடியாதா? முடியும். வெள்ளைப் பந்தின் பக்கமிருந்து பாருங்கள். இலக்குப் பந்தின் நடுவிலிருந்து தொடு புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப் போல் இரு மடங்கு தள்ளிக் குறி வையுங்கள். இரண்டு பந்துகளும் ஒரே அளவு என்பதால் இந்தக் கணக்கு சரியாக வருகிறது. தொடு புள்ளி ஓர் ஆரத் தொலைவில் உள்ளது; வெள்ளைப் பந்தின் மையம் நிற்க வேண்டிய இடம் இரண்டு ஆரத் தொலைவில் உள்ளது.

இதற்கும் எல்லை உண்டு. வெட்டுக் கோணம் 30 டிகிரியைத் தாண்டினால், இரு மடங்குத் தூரம் பந்தின் விளிம்பையும் கடந்து வெளியே போய்விடும். அப்போது மீண்டும் வெற்றிடத்தைத்தான் குறி வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் முறை: பின்னங்கள்

வெள்ளைப் பந்து பார்வைக்கு இலக்குப் பந்தை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கொண்டு கோணத்தைக் கணிப்பது மூன்றாம் முறை. முழுவதும் மறைத்தால் வெட்டுக் கோணம் 0. முக்கால் பங்கு மறைத்தால் ஏறத்தாழ 14.5 டிகிரி. பாதி மறைத்தால் 30 டிகிரி. கால் பங்கு மட்டும் மறைத்தால் ஏறத்தாழ 48.6 டிகிரி.

பாதிக்கு 30 டிகிரி எப்படி வந்தது? வெள்ளைப் பந்தின் மையத்தை இலக்குப் பந்தின் விளிம்புக்கு நேராக அனுப்புகிறோம். மோதும்போது இரு மையங்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு ஆரம். பக்கவாட்டு விலகல் ஓர் ஆரம். இந்தச் செங்கோண முக்கோணத்தில் கோணத்தின் சைன் மதிப்பு ஒன்றின் கீழ் இரண்டு. சைன் மதிப்பு பாதியாக இருக்கும் கோணம் 30 டிகிரி என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால் ‘அரைப்பந்து’ அடி ஆட்டக்காரர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் மேசையில் பந்துகள் நமக்கு வசதியான நாலைந்து கோணங்களில் மட்டுமா வந்து நிற்கின்றன? 22 டிகிரி தேவைப்பட்டால் அரைக்கும் முக்காலுக்கும் நடுவே மதிப்பிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்த மதிப்பீடு அனுபவத்தில் வருவது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

மூன்று முறைகளும் உண்மையில் ஒரே கோட்டைத்தான் காட்டுகின்றன. வேறுபடுவது, கண் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பது மட்டுமே. அப்படியானால் எவ்வளவு துல்லியம் வேண்டும்?

நேராக அடிக்கும்போது வெள்ளைப் பந்தின் மையம் பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் விலகினால், இலக்குப் பந்தின் திசை ஏறக்குறைய 1 டிகிரி மாறுகிறது. ஒரு மீட்டர் ஓடிய பிறகு அந்த 1 டிகிரி 17 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகிறது. போட்டி மேசையின் மூலைக் குழி வாய் ஏறத்தாழ 114 மில்லிமீட்டர் அகலம். பந்து நடுவில் போனால் இரு பக்கமும் சுமார் 28 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஆக, 1 மில்லிமீட்டர் பிசகைக் குழி மன்னிக்கும். 2 மில்லிமீட்டரை மன்னிக்காது.

வெட்டுக் கோணம் கூடக் கூட நிலைமை மோசமாகும். 60 டிகிரி வெட்டில் அதே 1 மில்லிமீட்டர் பிசகு 2 டிகிரி மாற்றத்தை உண்டாக்கும். மெல்லிதாக உரசி அடிப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கணக்கு சரி, பந்து விழவில்லை

இனி, மறந்து வைத்த உராய்வை நினைவுக்குக் கொண்டுவருவோம். வெட்டி அடிக்கும்போது வெள்ளைப் பந்தின் மேற்பரப்பு இலக்குப் பந்தின் மேல் ஒரு கணம் வழுக்கிச் செல்கிறது. அப்போது உராய்வு இலக்குப் பந்தை, வெள்ளைப் பந்து போகும் பக்கமாகச் சற்று இழுத்துவிடுகிறது. பந்துகளுக்கு இடையே உராய்வுக் கெழு 0.06 என்று கொண்டால், இந்த இழுப்பு 3 டிகிரிக்குச் சற்று மேல் வரை போகலாம். ஒரு மீட்டருக்கு அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். நமக்கு மிச்சம் இருந்ததோ 28 மில்லிமீட்டர்தான்!

அதாவது, கற்பனைப் பந்தின் மையத்தைத் துல்லியமாகத் தாக்கினாலும் பந்து குழிக்குள் போகாமல் இருக்கலாம். மெதுவாக அடித்தால் இந்த இழுப்பு கூடும். பந்துகளில் அழுக்கோ சாக்கட்டித் தூளோ இருந்தாலும் கூடும். போட்டிகளில் பந்துகளை அடிக்கடி துடைப்பது அழகுக்காக மட்டுமல்ல. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கணக்குச் சொல்வதைவிடச் சற்று மெல்லிதாக வெட்டி இதைச் சரிக்கட்டுகிறார்கள். அல்லது வெள்ளைப் பந்துக்குப் பக்கச் சுழற்சி கொடுத்து வழுக்கலைக் குறைக்கிறார்கள். பந்துகளின் சுழற்சியையும் உராய்வையும் கணிதமாக ஆராய்ந்து 1835லேயே தனிப் புத்தகம் எழுதியவர் பிரெஞ்சு அறிவியலாளர் கொரியோலிஸ். புயல் காற்றின் சுழற்சியைப் பற்றிப் படிக்கும்போது வரும் அதே கொரியோலிஸ்தான்.

கேரமுக்கு இது பொருந்துமா?

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலகக் கேரம் வெற்றியாளர். கேரம் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர். அதே சென்னையின் இளம்பெண் காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். பில்லியர்ட்ஸ் முறைகளை அப்படியே எடுத்துக்கொண்டு இவர்களுடைய பலகைக்குப் போனால் ஏமாந்துபோவோம். காரணம், ஸ்ட்ரைக்கரும் காயும் ஒரே அளவு அல்ல.

போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கரின் விட்டம் 41.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். காயின் விட்டம் 31.8 மில்லிமீட்டர் வரை. ஸ்ட்ரைக்கரின் மையத்தைக் காயின் விளிம்புக்கு நேராக அனுப்பினால் இங்கே 30 டிகிரி கிடைக்காது. 26 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இரட்டைத் தூரக் கணக்கும் மாறிவிடும். இரு மடங்குக்குப் பதிலாக ஏறத்தாழ 2.3 மடங்கு தள்ளிக் குறி வைக்க வேண்டும். ஆனால் கற்பனைப் பந்து முறை மாறாது. காயின் பின்னால் ஒரு கற்பனை ஸ்ட்ரைக்கரை ஒட்டி வைத்தால் போதும்.

எடையும் வேறு. 15 கிராம் வரை உள்ள ஸ்ட்ரைக்கர் 5 கிராம் காயை நேராகத் தாக்கும்போது, முழு மீள்தன்மை உள்ள மோதலாகக் கொண்டால், தன் வேகத்தில் பாதியுடன் முன்னே போய்க்கொண்டிருக்கும். பில்லியர்ட்ஸில் இரு பந்துகளும் ஏறத்தாழ ஒரே எடை என்பதால், உருளாமல் வழுக்கி வந்து நேராக மோதும் வெள்ளைப் பந்து அங்கேயே நின்றுவிடும். நேர் அடியில் காயைப் பின்தொடர்ந்து ஸ்ட்ரைக்கரும் குழியில் விழுந்து ‘ஃபவுல்’ ஆவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

எந்த முறை சிறந்தது என்ற வாதத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சோதிக்கலாம். ஒரு வெள்ளி நாணயங்கள் இரண்டு, ஒரு பெரிய தாள், அளவுகோல், பாகைமானி போதும்.

1. தாளில் ஒரு நாணயத்தை வைத்து அதைச் சுற்றி வட்டம் வரையுங்கள். அதன் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, நாணயத்தின் விட்டத்தைப் போல் இரு மடங்கு அகலத்தில் ஒரு ‘குழி வாய்’ வரையுங்கள்.
2. குழியிலிருந்து வட்டத்தின் மையம் வழியாகப் பின்பக்கம் கோடு போடுங்கள். இரண்டாம் நாணயத்தை அந்தக் கோட்டில் ஒட்டி வைத்து அதன் மையத்தைக் குறியுங்கள். இதுவே கற்பனைப் பந்தின் இடம்.
3. 30 டிகிரி வெட்டு வரும்படி 15 சென்டிமீட்டர் தள்ளி நின்று இரண்டாம் நாணயத்தைச் சுண்டுங்கள். தொடு புள்ளியைக் குறி வைத்து 20 முறை, கற்பனை மையத்தைக் குறி வைத்து 20 முறை, விளிம்பைக் குறி வைத்து 20 முறை.
4. ஒவ்வொரு முறையும் நாணயம் குழியில் போனதா, இடப்பக்கம் தவறியதா, வலப்பக்கம் தவறியதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு முறையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இல்லையென்றால் கை பழகிப்போவதால் கடைசியாகச் செய்த முறைதான் சிறந்தது என்று தோன்றும். அடுத்து, எத்தனை விழுந்தன என்பதை மட்டும் எண்ணாதீர்கள். தவறியவை எந்தப் பக்கம் போயின என்பதில்தான் செய்தி இருக்கிறது.

தவறுகள் இரு பக்கமும் சிதறியிருந்தால், குறி சரி, விரல்தான் நிலையாக இல்லை. அதற்கு மருந்து பயிற்சி. தவறுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், எவ்வளவு பயிற்சி செய்தாலும் அதே தவறு திரும்பத் திரும்ப வரும். அங்கே மாற்ற வேண்டியது குறி வைக்கும் இடத்தை, அல்லது கணக்கில் சேர்க்காமல் விட்ட உராய்வை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவறான விடை வரும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: பிழை சிதறுகிறதா, சாய்கிறதா?