தலைநகரில் தமிழ்ச் சமையலறை: சில எளிய நடைமுறைகள்

வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களைப் பற்றிச் சங்க மலர்களில் எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. மொழி, கோயில், பள்ளிக்கூடம், இசை எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறோம். காலை ஏழரை மணிக்குள் நான்கு டப்பா கட்டி முடிக்க வேண்டிய சமையலறையைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை நடத்தியவள் நான். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்ட சிலவற்றைக் காரண காரியத்தோடு இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஊரில் இருந்த வசதி

கூட்டுக் குடும்பத்தில் மாவாட்ட ஒருவர், காய் நறுக்க ஒருவர், குழந்தைக்குச் சோறூட்ட ஒருவர் என்று கைகள் பல இருந்தன. யாரும் யாருக்கும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. கூடமாட இருந்து பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அளவெல்லாம் கண்ணளவு, கையளவுதான்.

இங்கே வந்த பிறகு அந்தப் பல கைகள் இரண்டு கைகளாகிவிட்டன. எந்த டப்பாவில் எந்தப் பருப்பு, உளுந்து எப்போது தீரும், நாளைக்கு யாருக்கு என்ன ஆகாது என்பதெல்லாம் வீட்டில் ஒருத்தியின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவள் நன்றாக இருக்கும்வரை வீடு ஓடும். அவளுக்கு நாலு நாள் ஜுரம் வந்தால் பிரெட்டும் நூடுல்ஸும்தான். ஆகவே வீட்டு ஒழுங்கு என்பது அவள் நினைவிலிருந்து வெளியே வந்து, எழுத்தில், எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இது என் வீட்டு விஷயம் மட்டுமல்ல. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலையில் பங்கெடுத்த ஆண்களின் கணக்குதான். ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் பெண்களில் 81.2 சதவீதம் பேர் வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் இரு தரப்புக்கும் கொஞ்சம் குறைந்ததே தவிர, இடைவெளி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரைமணி அரைமணியாகக் கேட்டுப் பதிந்த கணக்கு இது. மற்ற வேலைகளுக்கிடையே நினைவு வைத்துக்கொள்ளும் வேலை இதில் முழுதாக அடங்குமா என்பது சந்தேகம்தான்.

மாவும் தயிரும்: இரண்டு பருவக் கணக்கு

தில்லிக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதல் குளிர்காலத்திலேயே திகைப்பது இட்லி மாவு விஷயத்தில்தான். ஊரில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். இங்கே ஜனவரியில் மறுநாள் மத்தியானம் பார்த்தாலும் வைத்தது வைத்தபடியே இருக்கும்.

மாவைப் பொங்க வைப்பவை உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள். அவற்றுள் முக்கியமானது லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. அது வெளியிடும் கரியமில வாயு மாவை உப்ப வைக்கிறது. உண்டாகும் அமிலம் புளிப்பைத் தருகிறது. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் இந்த வேலை நன்றாக நடக்கும். சென்னையில் ஜனவரி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால் மாவுக்குக் கவலையில்லை. தில்லியில் அதே இரவு 7, 8 டிகிரிக்குப் போய்விடும். மே, ஜூன் பகலிலோ 40-ஐத் தாண்டும். எனவே ஒரே செய்முறை இங்கே வருடம் முழுதும் செல்லாது.

எங்கள் வீட்டு அளவு: புழுங்கலரிசி நாலு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டு அரைக்கிறோம். கையால் நன்றாகக் கலந்து, வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி, மேலே பழைய ரஜாயைப் போர்த்திவிடுவது வழக்கம். வீட்டில் மின்சார அவன் இருப்பவர்கள் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். பதினைந்து மணி நேரம்கூட ஆகும். எனவே சனிக்கிழமை சாயங்காலம் அரைத்தால் ஞாயிறு காலைக்குச் சரியாக இருக்கும். கோடையில் இதற்கு நேர்மாறு. ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, ஐந்து ஆறு மணி நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும்.

தயிருக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். உறையிலுள்ள பாக்டீரியாக்களுக்கு 40, 45 டிகிரிதான் பிடித்தமானது. காய்ச்சிய பாலில் சுத்தமான விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை சுடாமல் பொறுக்க முடிந்தால் அதுதான் பதம். குளிர்காலத்தில் அரை லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி உறை ஊற்றி, சப்பாத்தி வைக்கும் ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டால் காலையில் கட்டியாக இருக்கும். கோடையில் ஒரு டீஸ்பூன் போதும்.

பருப்பும் புளியும்

போர் தண்ணீர் வரும் காலனிகளில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதைக் கெட்டியாக்குகின்றன. வடிகட்டிய குடிநீரில் அரைமணி ஊறவைத்து அதிலேயே வேகவைத்தால் குழைந்துவிடும். பருப்பு வேகும் முன் புளியைச் சேர்க்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னதற்கும் காரணம் உண்டு. புளிப்பு பெக்டினை இளகவிடாது. காய்க்கும் அதே கணக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்

வாரநாள் காலையில் நேரத்தைத் தின்பது அடுப்பு வேலை அல்ல. அடுப்புக்கு முந்தைய வேலை. அதை ஞாயிறுக்கு மாற்றினால் பாதி சுமை இறங்கும். கால் கிலோ புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் முழுதும் ஒரு ஸ்பூன் எடுத்துப் போடுகிற வேலைதான். தேங்காயைத் துருவி ஃபிரீசரில் வைக்கலாம். பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி மாதம் ஒருமுறை.

காய்க்கு எங்கள் பக்கத்து வாரச் சந்தையை நம்பியே பட்டியல் போட்டோம். ஊர்க் காயைத் தேடி தூரத்து மார்க்கெட்டுக்கு அலைவது விசேஷ நாளுக்கு மட்டும். லௌகி என்பது நம் சுரைக்காய், தோரி பீர்க்கங்காய், அர்வி சேப்பங்கிழங்கு. குளிர்காலத்து மேத்திக் கீரையைப் போட்டு வைக்கும் சாம்பார் ஊரில்கூட அத்தனை சுலபமாகக் கிடைக்காது!

வாரப் பட்டியல் எளிமையாக இருந்தால்தான் நிற்கும். திங்கள் சாம்பார், பொரியல். செவ்வாய் ரசம், கூட்டு. புதன் சப்பாத்தி, ராஜ்மா. வியாழன் வற்றல் குழம்பு, கீரை. வெள்ளி கலந்த சாதம். சனி, ஞாயிறு அவரவர் விருப்பம். ராஜ்மாவை முதல்நாள் இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டும்.

கோடையில் மீந்த சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியே வைத்த சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கினால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டப்பாவுக்குக் கோடையில் புளியோதரை, எலுமிச்சை சாதம் நல்லது. புளிப்பு கிருமி வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். அதனால்தான் அந்தக் காலத்தில் ரயில் பயணத்துக்குப் புளியோதரை கட்டினார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

2012 ஜனவரியில் எனக்குக் கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் இருந்தேன். மாமியாருக்கு அப்போது எண்பது வயது. அடுப்படியில் நிற்க முடியாது. என் கணவர் சமையலறையிலிருந்து, "உப்பு எவ்வளவு போடணும்?" என்று கேட்பார். "திட்டமா போடுங்க" என்பேன். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பையன் உள்ளே வந்து, "அம்மா, திட்டமான்னா எத்தனை ஸ்பூன்?" என்றான். நியாயமான கேள்வி. நானும் மாமியாரும் யோசித்து யோசித்துச் சொல்ல, அவன் ஒரு ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டான். ஐந்து பேருக்குச் சாம்பார் என்றால் பருப்பு முக்கால் டம்ளர், பொடி மூன்று டீஸ்பூன், உப்பு இரண்டு டீஸ்பூன் என்று எங்கள் வீட்டுச் சமையலுக்கு முதன்முதலாக ஓர் எழுத்து வடிவம் வந்தது.

அவன் முதலில் எழுதியது தேவநாகரியில்! பள்ளியில் தமிழ் எடுக்காத பிள்ளை. மாமியார்தான், "எனக்குப் படிக்கத் தெரியுற மாதிரி எழுதுடா கண்ணா, தப்பு இருந்தா நான் சொல்லணுமில்ல" என்றார். அப்புறம் அவர் எழுத்துக்கூட்டிச் சொல்ல, இவன் தமிழில் எழுதினான். 'வெந்தயம்', 'பெருங்காயம்' என்று எழுதியே அவனுக்குத் தமிழ் எழுத்து பிடிபட்டது. நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் நோட்டு நிற்கவில்லை. செவ்வாய், வியாழன் காலைச் சமையல் அவருடையது, ஞாயிறு மாவு பையனுடையது, டப்பா கட்டுவது பெண்ணுடையது என்று ஆகிவிட்டது. மாமியார் இப்போது இல்லை. அவருடைய மோர்க்குழம்பு அந்த நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

தொடங்க விரும்புவோருக்கு

முதலில் ஒரே ஒரு நாளுக்கான பட்டியலை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அளவை ஸ்பூனிலும் டம்ளரிலும் எழுதுங்கள்; 'கொஞ்சம்', 'திட்டமாக' வேண்டாம். டப்பாக்கள் மீது பெயர் ஒட்டுங்கள். ஒரு வேலையை ஒருவரிடம் கொடுத்தால், அதற்குச் சாமான் தீர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் நினைவுச் சுமை பழைய இடத்திலேயே நிற்கும். வீட்டில் பெரியவர் இருந்தால் அவர் கைப்பக்குவத்தை அவர் வாயாலேயே கேட்டு, பேரப்பிள்ளையை விட்டுத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாவு ஊறும் நேரத்திலேயே ஒரு பக்கம் எழுதிவிடலாம்.