புற்றைக் கட்டியது யார்?

ஆடி அமாவாசை கழிந்த ஐந்தாம் நாள் நாகபஞ்சமி. யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மாரியம்மன் கோயிலடியில் புற்று இருக்கிறதா? இருந்தால், அம்மாவும் அம்மாயியும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றி, முட்டை வைத்துக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களும் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு அந்தப் புற்றைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள்.

அதைக் கட்டியது பாம்பு இல்லை. கையும் காலும் இல்லாத உயிர் எப்படி மண் சுமக்கும்? கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்ற பழமொழி சும்மா வரவில்லை. அரிசிமணி அளவுகூட இல்லாத கரையான்கள் மண்ணை எச்சிலில் குழைத்துக் குழைத்து எழுப்பிய வீடு அது. காய்ந்த பிறகு மண்வெட்டிகூடச் சட்டென்று இறங்காது. மழை விட்ட காலையில் புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் காளான் எழும்பும், பார்த்ததுண்டா? கரையான்கள் உள்ளே ஒரு பூஞ்சணத் தோட்டம் வளர்க்கின்றன. காய்ந்த இலையையும் மரத்தூளையும் அதற்கு உரமாகப் போட்டு, விளைந்ததைத் தின்கின்றன. நாம் பறிக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்துதான் வெளியே வருகிறது.

பூஞ்சணம் வளர ஈரம் வேண்டும், அதிகச் சூடும் கூடாது. அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள் குளுமை குறையாது. நாகபாம்பு தேடுவதும் இதைத்தான். அதன் முட்டை கோழிமுட்டை மாதிரி கெட்டி ஓடு உள்ளதில்லை, தோல் போல மெத்தென்று இருக்கும். ஈரம் இல்லாவிட்டால் வற்றிச் சுருங்கிவிடும். கரையான் கைவிட்ட புற்றிலோ எலி வளையிலோ பத்து இருபது முட்டை இட்டால், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். வரும்போதே நஞ்சோடுதான் வரும்.

பால் விசயத்துக்கு வருவோம். தாய் பால் கொடுத்து வளர்க்கும் உயிர்களின் குட்டிகள்தான் பால் குடிக்கும். முட்டையிலிருந்து வந்த பாம்புக்குத் தாய்ப்பாலும் தெரியாது, பாலைச் செரிக்கும் சக்தியும் இல்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு முன்னால் வைத்த எதையும் உறிஞ்சலாம், ஆனால் அது உணவாகாது. புற்றுக்குள் ஊற்றிய பால் புளித்து நாறி எறும்பைக் கூட்டும். பாலைச் செம்பில் வைத்துப் படைத்துவிட்டு, பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அம்மன் கோபிக்கவே மாட்டாள் என்பது என் உறுதியான எண்ணம். முட்டை மட்டும் முன்னோர் கண்ட உண்மை: நாகம் பறவை முட்டையைத் தின்னும். ஆனாலும் அது விரும்பித் தேடுவது எலியையும் தவளையையும்தான். லயத்தில் சோறும் குப்பையும் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் நாகம் வரும்.

நாகத்தின் தலையில் மாணிக்கக்கல் இருக்கும் என்ற நாகரத்தினக் கதையையும் கேட்டிருப்பீர்கள். இரத்தினபுரிப் பிள்ளைகளுக்கு இதில் விடை எளிது. மாணிக்கமும் நீலமும் குழியில் எந்த மண்ணில் கிடைக்கின்றன? இல்லம் என்று சொல்லும் சரளைப் படையில். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அந்தக் கற்கள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே பூமிக்கடியில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவை. பாறை தேய, ஆறு அடித்துவந்து சேர்த்தது. பாம்பின் தலையில் அதற்கு இடமே இல்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாம் கும்பிடும் நாகம் படமெடுத்துச் சீறி, விலகிப் போ என்று சொல்லும். இலங்கையில் மிக அதிகமானோரைக் கடிப்பது அது இல்லை. சிங்கள அயலவர் குணகட்டுவா என்று சொல்லும் குட்டை விரியன்தான். அரை மீற்றர்கூட இருக்காது. மூக்கு நுனி சற்று மேலே தூக்கியிருக்கும். இறப்பர் மரத்தடிச் சருகிலும் தேயிலைச் செடியடியிலும் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். அதன் குட்டி வால் நுனியைப் புழு மாதிரி நெளித்துக் காட்டித் தவளையை ஏமாற்றிப் பிடிக்கும்! பால்வெட்டவும் கொழுந்தெடுக்கவும் போகிறவர்கள் தெரியாமல் அதன் மேல் கால் வைத்துவிடுகிறார்கள், கை வைத்துவிடுகிறார்கள்.

சின்னப் பாம்புதானே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. குணகட்டுவா அதில் இல்லை. அதன் நஞ்சு சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தத்தை உறையவிடாமலும் செய்யும். அதனால் வைத்தியர்கள் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிவாயைக் கீறவும் உறிஞ்சவும் வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பாம்பைத் துரத்திக்கொண்டு போய் நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இருட்டில் கான் பக்கம் போகும்போது டோர்ச்சும் சப்பாத்தும் இருக்கட்டும். அம்புலன்சுக்கு 1990, அதற்குக் காசு இல்லை. அந்த எண்ணை இன்றைக்கே உங்கள் லயத்துச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வையுங்கள்.