வஸிய்யத்தில் வக்ஃப் எழுதுகிறீர்களா?

"என் மவ்த்துக்குப் பின் ராயபுரம் வீட்டு வாடகை நல்ல காரியத்துக்குப் போகட்டும்" என்று மட்டும் எழுதி வைத்தால் பிள்ளைகளுக்குள் தகராறுதான் மிஞ்சும். எந்த வீடு, கதவு எண் என்ன? நல்ல காரியம் என்பது மதரஸாவா, ஏழைக் குமர்களின் நிகாஹ் செலவா? தெளிவாக எழுதுங்கள். முத்தவல்லி யார் என்பதையும் சேருங்கள். அது விடுபட்டாலும் வக்ஃப் செல்லும், வேறொருவரை நியமிக்கலாம்.

பலரும் சறுக்குவது அளவில்தான். ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த வரம்பு மூன்றில் ஒன்று. அதுவும் மொத்தச் சொத்தில் அல்ல. சொத்து 30 லட்சம், ஜனாஸா செலவும் கடனும் 3 லட்சம் என்றால், மீதி 27 லட்சத்தில் 9 லட்சம்தான். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே. இதை ஏனோ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வரம்பை மீறிய பகுதி, மவ்த்துக்குப் பின் வாரிசுகள் சம்மதித்தால் மட்டுமே செல்லும்.

வஸிய்யத் வாய்மொழியாகவும் செல்லும் என்பது பழைய சட்டம். ஆனால் 2025 திருத்தத்துக்குப் பின் வக்ஃப் பத்திரம் இல்லாமல் புதிய வக்ஃப் உருவாகாது. எனவே வக்கீலிடம் காட்டி, இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். மனம் மாறினால் ஹயாத்தோடு இருக்கும்வரை வஸிய்யத்தை மாற்றிக்கொள்ளலாம்.