கோபுரம் தெளிவு, குடும்பம் மங்கல்

குடும்பப் படம் எடுக்க எந்தக் கேமரா நல்லது என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, கலர் லேபில் வேலை பார்த்தவர்களிடம் கேட்பது மேல். கடைக்காரர் பெட்டியோடு விற்றுவிடுவார். அதில் எடுத்தது எப்படி விழுந்தது என்பதைப் பார்ப்பது நாங்கள்தான். திருவண்ணாமலையில் ஒரு லேபில் பிரிண்டிங் மெஷின் ஓட்டியவள் நான். தொண்ணூறுகளில் உட்கார்ந்தவள், டிஜிட்டல் வந்து அந்த மெஷினை இரும்புக்கடை வண்டியில் ஏற்றும் வரை எழுந்திருக்கவில்லை. கழுவிக் காய்ந்த நெகட்டிவ் ஒவ்வொரு கட்டமாக முன்னால் வந்து நிற்கும். மஞ்சள், மெஜந்தா, சயான், அடர்த்தி என்று பொத்தான் வரிசை. நிறத்தைச் சரிபார்த்து அடுத்த கட்டத்துக்குத் தள்ள ஓரிரு நொடி போதும். அந்த நொடியிலேயே என்ன மாதிரி கேமரா, பிடித்த கை எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், பிலிம் திரும்ப வந்திருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் போனில் கேட்டாள்: “அத்தை, பாப்பாவை எடுக்க ஒரு பிலிம் கேமரா வாங்கணும். கைக்கு அடக்கமா இருக்கணும். எது வாங்கட்டும்?” அவள் அனுப்பிய பட்டியலில் முதலில் இருந்தது கான்டாக்ஸ் டி2. டைட்டானியம் உடம்பு, 1990ல் வந்தது. 2017ல் அமெரிக்க மாடல் ஒருத்தி டி.வி. நிகழ்ச்சியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு விலை மலை ஏறிவிட்டது. அடுத்தது ஒலிம்பஸ் மியூ-2. “நல்ல கேமராதாம்மா, ஆனா உள்ளே முழுக்க எலக்ட்ரானிக்ஸ். நின்னுபோச்சுன்னா பேப்பர் வெயிட்தான்” என்றேன். அவளுக்கு முகம் சுருங்கியிருக்கும்; போனில் தெரியவில்லை.

லேபில் நான் கண்டது இதுதான்: வீட்டு ஆல்பத்தை நிரப்பிய படங்கள் விலை உயர்ந்த கேமராவிலிருந்து வந்தவை அல்ல. எண்பதுகளில் விளம்பரத்தில் சக்கைப்போடு போட்ட ஹாட் ஷாட், அதற்குப் பிறகு யாஷிகா எம்எஃப்-2, கோடக் கேபி10. எல்லாமே போகஸ் திருப்பும் வேலை இல்லாத கேமராக்கள். இவற்றில் லென்ஸ் துவாரம் சிறிது. அதனால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து அண்ணாமலை வரைக்கும் எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். ‘ஓரளவு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் பல்லிளிக்கும். ஆனால் 4க்கு 6 அங்குலப் பிரிண்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குடும்பப் படத்தை அதற்கு மேல் யார் பெரிதாக்கினார்கள்?

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு, அது தாய்மார்களின் பலவீனமும்கூட. குழந்தை முகத்தை நெருங்கி நெருங்கி எடுப்பார்கள். அரை மீட்டரில் எடுத்த குழந்தை மங்கலாகவும், பின்னால் கொடியில் காயும் துணி பளிச்சென்றும் இருக்கும். கை நீட்டினால் குழந்தையைத் தொட முடிகிறதா? அப்படியானால் மூன்று அடியாவது பின்னால் வாருங்கள். எம்எஃப்-2 வைத்திருப்பவருக்கு இந்த ஒரு பாடம் போதும்.

கொஞ்சம் கூடுதல் காசு போட்டால் ஆட்டோபோகஸ். 1977ல் கோனிகா முதன்முதலில் கொண்டுவந்தது. அதன்பின் எல்லாக் கம்பெனியும் செய்தது. இதில் நான் அதிகம் பார்த்த கோளாறுக்கு ‘ராஜகோபுரக் கோளாறு’ என்றே பெயர் வைத்திருந்தோம். புது மாப்பிள்ளையும் பெண்ணும் இடைவெளி விட்டு நிற்பார்கள். கேமரா பார்ப்பது நடுவில். நடுவில் இருப்பது அவர்களுக்கு இடையிலுள்ள வெறும் காற்று, அதற்கும் அப்பால் கோபுரம். ஆகவே கோபுரத்தின் பொம்மைகளை எண்ணலாம், மாப்பிள்ளை முகம் மட்டும் புகை. மருந்து எளிது: நடுப்புள்ளியைப் பெண்ணின் முகத்தில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள், விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி, பிறகு முழுதாக அழுத்துங்கள். வாங்கும் கேமராவில் இந்தப் பாதி அழுத்தல் வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கோபுரப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. எங்கள் ஊர் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. 35 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தாலும் முழுக் கோபுரமும் அடங்க ஏறத்தாழ 60 மீட்டர் பின்வாங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? குடும்பத்தைக் கோபுர வாசலிலேயே நிறுத்திவிட்டு, எடுப்பவர் மட்டும் பின்னால் பின்னால் போவார். படத்தில் கோபுரம் முழுதாக இருக்கும், குடும்பம் எறும்பு வரிசை. தேரடி வீதியில் நின்று இதைச் சொல்லிக்கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னதில்லை; இங்கே சொல்லிவிடுகிறேன். கோபுரத்திலிருந்து நீங்கள் விலகியதுபோல அவர்களையும் விலகி வரச் சொல்லுங்கள். கேமராவுக்கு மூன்று மீட்டரில் இடுப்பளவு தெரிய அவர்கள், பின்னால் முழுக் கோபுரம். பகல் வெளிச்சத்தில் போகஸ் இல்லாத கேமராவே இரண்டையும் பிடித்துவிடும். கோயிலுக்கு உள்ளே, சன்னதிப் பக்கம், கேமராவைப் பையை விட்டு எடுக்கவே வேண்டாம்.

மூன்றாவது வகை ஜூம். இதில்தான் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: குடும்பத்துக்கு வேண்டாம். கையடக்க ஜூம் கேமராவில் முழுதாக இழுத்தால் லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் வழி சுருங்கிவிடும். பலவற்றில் எஃப் 10ஐத் தாண்டும். கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் இழுத்து எடுத்தால் ஒன்று கை நடுங்கிய படம், இல்லையென்றால் இருட்டு. சபரிமலை சீசனில் வரும் ரோல்களைக் கழுவும்போதே சொல்லிவிடுவேன், இது ஜூம் கேமராக்காரர் ரோல் என்று. ஜூம் இருக்கும் கைக்கு எழுந்து நடக்கச் சோம்பல் வந்துவிடுகிறது. நாலு எட்டு நடந்தால் கிடைக்கும் படத்தைப் பொத்தானில் இழுக்கப் பார்க்கிறார்கள்.

நடந்து போய் எடுப்பதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ரமணரின் கடைசி நாட்களில் இங்கே வந்து படமெடுத்தவர். ரமணர் மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார், 8.47க்கு வானத்தில் ஓர் ஒளி மலைப்பக்கம் நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் உலகம் முழுக்கக் கொண்டு திரிந்தது லைகா என்ற சின்ன 35 எம்எம் கேமரா. ஜூம் கிடையாது, பிளாஷும் அவருக்குப் பிடிக்காது.

நாம் அவர் இல்லை. நமக்குப் பிளாஷ் வேண்டும். ஆனால் கையடக்கக் கேமராவின் பிளாஷ் மூன்று நான்கு மீட்டர்தான் போகும். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியை நோக்கி ஆயிரக்கணக்கில் பிளாஷ் மின்னும். அத்தனையும் முன்னால் நிற்பவரின் பின்மண்டையை வெளிச்சமாக்கியதோடு சரி. மறுவாரம் ரோல் ரோலாகப் பின்மண்டை பிரிண்ட் போட்டோம். தீபம் எடுக்கப் பிளாஷை அணைக்கும் பொத்தான் வேண்டும்; மதில் மேல் கேமராவை ஊன்றி எடுக்க வேண்டும். பிளாஷ் உண்மையில் உதவுவது யாரும் நினைக்காத நேரத்தில், அதாவது உச்சி வெயிலில். கிரிவலப் பாதையில் பகல் 12 மணிக்கு எடுத்த முகங்களில் கண் இருக்கும் இடம் கறுப்புக் குழியாகத்தான் விழும். அங்கே பிளாஷைப் போட்டால் குழி நிரம்பும்.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்களுக்குச் சில சோதனைகள். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சைப் பூச்சு இருந்தால் வேண்டாம். பின்கதவு ஓரத்துக் கறுப்பு நுரை விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் வெளிச்சம் கசியும், ஆனால் அதை மாற்றிக்கொள்ளலாம். கதவைத் திறந்து வைத்து, லென்ஸ் வழியாக டார்ச் அடித்து, பொத்தானை அழுத்தும்போது பின்னாலிருந்து பாருங்கள். ஷட்டர் திறப்பதும் லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூசணம் இருப்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒலிம்பஸ் ட்ரிப் 35 கிடைத்தால் விடாதீர்கள். 1967ல் வந்த கேமரா, பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் கண்ணாடியே வெளிச்சத்தை அளக்கும். வளையத்தை ‘ஏ’யில் வைத்து, லென்ஸைக் கையால் மூடி அழுத்துங்கள். உள்ளே சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொண்டால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. அதில் பிளாஷ் தனியாகத்தான் மாட்ட வேண்டும். இரவு விசேஷங்களுக்கு அது ஒரு தொல்லை.

பீரோவில் ஹாட் ஷாட் கிடக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். அதற்கு 110 ரோல் வேண்டும், தேடி அலைய வேண்டிய பொருள். ஆக்பா கிளிக் 3 என்றால் 120 ரோல். 12 சதுரப் படத்தோடு முடிந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு 35 எம்எம்தான்.

புதிதாகவே வேண்டும் என்றால் அரைக்கட்டக் கேமராக்கள் வந்திருக்கின்றன. 2022ல் கோடக் பெயரில் வந்த எக்டார் எச்35 பிளாஸ்டிக்தான், ஒரு டிரிபிள்-ஏ பேட்டரி, போகஸ் வேலை இல்லை. 36 ரோலில் 72 படம். 2024ல் பென்டாக்ஸ் 17 வந்தது, அது விலை ஜாஸ்தி. பல நூறு ரூபாய் கொடுத்து ரோல் வாங்கி, கழுவக் காசு கொடுத்து, பிரிண்ட்டுக்கும் கொடுக்கிற இந்தக் காலத்தில் படம் இரட்டிப்பாவது சின்ன விஷயமில்லை. கேமரா ஒருமுறை செலவு, ரோல் ஓயாத செலவு.

ரோலில் 200 அல்லது 400 வாங்குங்கள். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைச்சலைப் பொறுக்காது. வீட்டுக்குள் அதிகம் எடுப்பீர்கள் என்றால் 400. ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்தது. இன்று எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

ஒரே ரோலில் பொங்கல் கோலம், சித்திரை காதுகுத்து, கார்த்திகை தீபம் மூன்றும் வந்த குடும்பங்கள் உண்டு. கணக்குப் பார்த்து எடுத்தார்கள், சரிதான். ஆனால் எங்கள் ஊர் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே பீரோவில் வெந்த பிலிமில் நிறம் மாறிவிடும். எத்தனை பொத்தான் அழுத்தினாலும் பொங்கல் பச்சையரிசி மாநிறமாகத்தான் வரும். போட்ட ரோலை இரண்டு மூன்று மாதத்தில் முடியுங்கள். மீதி ரோலை டப்பாவோடு பிரிட்ஜில் வையுங்கள், எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மாட்டுங்கள்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது: நல்ல நிலையில் ஒரு யாஷிகா எம்எஃப்-2, இரண்டு பென்சில் பேட்டரி, 400 ரோல் ஒன்று. பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கும். போகஸ் இல்லாததால் வீட்டில் பாட்டி உட்பட யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பவளும் அப்போதுதான் ஆல்பத்தில் வருவாள். நான் பிரிண்ட் போட்ட ஆல்பங்களில் அப்பா எடுத்தால் அப்பா இல்லை, அம்மா எடுத்தால் அம்மா இல்லை.

எங்கள் ஊரிலிருந்து ரோலைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்புகிறார்கள் இப்போது. அனுப்பும்போது கவரின் மேல் பெரிய எழுத்தில் ‘நெகட்டிவ் திருப்பி வேண்டும்’ என்று எழுதுங்கள். ஸ்கேனை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டுச் சில மாதத்தில் நெகட்டிவைக் குப்பையில் போடும் இடங்கள் இருக்கின்றன.