குறுக்கு வழியே நல்ல வழியா?

ஆயிரக்கணக்கான செயலிகளைச் சேர்த்து ஒரே கணினியாக ஓட்ட வேண்டுமானால், எதை எதோடு இணைப்பது என்பதுதான் முதல் கேள்வி. 65,536 செயலிகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க இருநூறு கோடிக்கும் மேல் கம்பி வேண்டும், அது நடக்காது. செயலியைப் புள்ளியாகவும் கம்பியைக் கோடாகவும் வைத்துப் பார்க்கும் கோட்டுருவியல் இங்கேதான் கைகொடுக்கிறது. அது தந்த அழகான விடைகளில் ஒன்று ஹைப்பர்கியூப். ஒவ்வொரு செயலிக்கும் 0, 1 இலக்கங்களால் ஓர் எண். ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறுபடும் செயலிகளுக்கிடையே கம்பி. 1983இல் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய, இந்த வடிவிலான காஸ்மிக் கியூப் கணினியில் 64 செயலிகள். 000000இலிருந்து 111111க்குச் செய்தி போக வேண்டுமா? ஒரு கம்பியைக் கடப்பது ஒரு தாவல்; தாவலுக்கு ஓர் இலக்கமாக மாற்றிக்கொண்டே போனால் ஆறே தாவலில் சேர்ந்துவிடும். 65,536 செயலிகள் என்றாலும் பதினாறு தாவல்தான்.

ஆனால் 2005இல் அதே 65,536 கணுக்களோடு (வலையின் புள்ளிகளோடு) நின்ற ஐ.பி.எம்.மின் புளூ ஜீன்/எல் இந்த வழியில் போகவில்லை. 64×32×32 என்ற முப்பரிமாண வளையம், அதாவது ஒவ்வொரு திசையிலும் விளிம்புகள் சுற்றி வந்து இணையும் கட்டம்; கணுவுக்கு ஆறே இணைப்பு; அதிகபட்சம் 64 தாவல். காகிதத்தில் நான்கு மடங்கு மோசம்! ஆனாலும் 2007 முடியும்வரை உலகின் வேகமான கணினி அதுதான். காரணம், கோட்டுருவில் எல்லாக் கோடும் ஒன்றுதான், அறைக்குள் அப்படியல்ல. பதினாறு பரிமாண வடிவத்தை முப்பரிமாண அறைக்குள் மடக்கினால் பல கம்பிகள் நீண்டே தீரும். இணைப்பு பெருகப் பெருக ஒவ்வொன்றின் பங்குக்கு வரும் கம்பியும் மெலியும். செய்தியின் தலை முன்னே போக, உடல் பின்தொடரும் உத்தி வந்த பிறகு, தாவல் கூடுவதால் வரும் தாமதமும் பெரிதாக இல்லை.

அப்படியானால் கணிதம் தோற்றுவிட்டதா என்று கேட்கலாம். இல்லை; தாவலை மட்டும் எண்ணியவர்கள்தான் தோற்றார்கள். வலையை இரண்டாக வெட்டினால் எத்தனை கோடு அறும் என்பதும் கோட்டுருவியல் கணக்குதான், வளையத்துக்காக வாதாடியவர்கள் கையில் எடுத்ததும் அதைத்தான். தாவலைக் குறைப்பதும் வீணாகிவிடவில்லை: புளூ ஜீனிலேயே, எல்லாக் கணுக்களின் விடையையும் கூட்டிச் சேர்க்கும் வேலைக்கு மரவடிவில் தனி வலை இருந்தது. வளையமே மேல் என்ற தீர்ப்பும் நிரந்தரமல்ல. ஒளியிழைக் கேபிளும் பல வாய்கள் கொண்ட ஸ்விட்ச் சில்லும் வந்ததும் நீண்ட இணைப்பின் விலை இறங்கியது. தாவலைக் குறைக்கும் வடிவங்கள் திரும்பின. 2008இல் முன்மொழியப்பட்ட டிராகன்ஃபிளை அவற்றில் ஒன்று. 2022இல் முதலிடம் பிடித்த ஃபிரான்டியர் கணினியின் வலை அந்த வடிவில்தான் அமைந்திருக்கிறது.