வடத்தின் நீட்சி

சென்னையில் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை 2015-இல் திறக்கப்பட்ட மெட்ரோ உயர்பாதையில், பெட்டி வடிவக் கான்கிரீட் துண்டுகளைப் பிணைத்து ஒரே விட்டமாக நிறுத்துவது அவற்றினுள் ஓடும் எஃகு வடங்களின் இழுவிசையே ஆகும். கான்கிரீட் இறுகிய பின் வடத்தை ஜாக்கால் இழுத்து, முனையில் ஆப்புகளால் பூட்டும் இம்முறையில், ஜாக்கின் அழுத்தமானி இழுக்கும் முனையில் உள்ள விசையை மட்டுமே காட்டும். வடம் செல்லும் குழாயின் வளைவுகளில் உரசி உரசி அவ்விசை மறுமுனைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை உணர்த்துவது வடம் நீண்ட அளவுதான்.

விசையை நீளத்தால் பெருக்கி, வடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பாலும், எஃகின் விறைப்பைக் குறிக்கும் மீள்மைக் கெழுவாலும் வகுத்தால் நீட்சி கிடைக்கும். ஒருமுனையில் இழுக்கப்படும் 30 மீட்டர் வடத்தில், சதுர மில்லிமீட்டருக்கு 1,395 நியூட்டன் தகைவும் 1,95,000 கெழுவும் கொண்டால், உராய்வின்றி 215 மில்லிமீட்டர் வரும். வழக்கமான உராய்வுக் கெழுக்களோடு, மொத்தம் கால் ரேடியன் வளைவையும் சேர்த்தால் சராசரி விசை 5 விழுக்காடு குறைந்து, நீட்சி 204 ஆகிறது. ஆலைச் சான்றிதழில் கெழு 2,00,000 என்றிருப்பின் அதுவும் 199 ஆகிவிடும். ஆகவே வந்திறங்கிய கம்பிச் சுருளின் சான்றிதழைப் பாராமல் போடும் கணக்குக்கு மதிப்பு குறைவு.

களத்தில் தொய்வு நீங்கும்வரை, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விசைவரை, அளவு நம்பத்தக்கதன்று. ஆதலின் அதற்கு மேற்பட்ட அளவுகளை வரைபடத்தில் குறித்து, நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டி முதற்பகுதியைக் கணிக்கின்றனர். ஜாக்குக்குள் இருக்கும் வடத்துண்டின் நீட்சியும் கழிக்கப்பட வேண்டும். அத்துண்டு 80 சென்டிமீட்டராயின் நீட்சி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். பூட்டும்போது ஆப்பு உள்வாங்குவது தனிக் கணக்கு.

கணித்ததற்கும் அளந்ததற்கும் இடையே பொதுவாக 5 விழுக்காடு வேறுபாடு ஏற்கப்படுகிறது. அமெரிக்க விதிமுறையில் 7. நீட்சி குறைந்தால் குழாய் நசுங்கியிருக்கலாம், அல்லது சிமெண்ட் பால் உள்ளே கசிந்து வடத்தைப் பற்றியிருக்கலாம். மிகுந்தால் மறுமுனை ஆப்பு வழுக்கியிருக்கலாம், கம்பி இழை அறுந்திருக்கவும் கூடும். மிகுதியை நன்மையெனக் கொள்வது பிழை. குறிப்பேட்டில் எல்லா வடங்களும் ஒரே எண்ணைக் காட்டுமாயின், அது ஐயத்துக்கே உரியது.

வரம்பு மீறினால், முனைகளை வெட்டுமுன் அழுத்தமானியைச் சரிபார்த்து, வடத்தைத் தளர்த்தி மீண்டும் இழுக்கலாம். குழாயில் சிமெண்ட் கூழ் செலுத்தப்பட்ட பின் அதற்கு வழியில்லை. அக்கூழோ வடத்தைத் துருவிலிருந்து காக்கும் கவசம், 1986-இல் கோவாவில் மாண்டவி ஆற்றுப் பாலம் இடிந்தது வடங்கள் துருவேறியதால்தான்.