காப்புரிமைப் பதிவுகளும் குடிவரலாறும்

குடிவரலாறு ஆய்வார் கல்வெட்டையும் செப்பேட்டையும் போற்றும் அளவிற்குக் காப்புரிமைப் பதிவுகளைப் போற்றுவதில்லை. 'எம் பாட்டனார் புதுப்பொறி ஒன்று கண்டார்' என்னும் குடும்ப வழக்குகள், படநிலையங்கள் மலிந்திருந்த வடபழனிப் பகுதியிலும் உண்டு. அவற்றை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் இப்பதிவுகளே எனலாம்.

இந்தியாவில் இதற்கெனச் சட்டம் முதன்முதல் எழுந்தது 1856இல். அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள், கல்கத்தா கிராண்ட் சந்து 7ஆம் எண் மனையினரான சார்ச் ஆல்பிரட் டி பென்னிங் என்பார், பங்கா இழுக்கும் பொறி ஒன்றிற்கு உரிமை வேண்டினார். செப்டம்பர் 2இல் விளக்கவுரையையும் வரைபடங்களையும் அளித்தார். ஆளும் மனையும் நாளும் கருவியும் ஈண்டு ஒருங்கே கிடைத்தல் காண்க. அரசியின் இசைவு பெறாது இயற்றப்பட்ட அச்சட்டம் 1857இல் நீக்கப்பெற்று, 1859இல் மீண்டும் வந்தது. இடையில் பதிவு காணாதார் அதுகொண்டு தம் முன்னோரை ஐயுறல் வேண்டா.

பதிவு சில வேளை, தேடாத உறவையும் காட்டும். சகதீச சந்திர போசு 1901இல் விண்ணப்பித்து, 1904 மார்ச்சு 29இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் எண் 7,55,840. அதன் முகப்பிலேயே, உரிமையிற் பாதி சாரா சாப்மன் புல் என்னும் அம்மையார்க்கு உரித்தாக்கப்பட்ட செய்தி உளது. அவர் விவேகானந்தர்பால் ஈடுபாடு கொண்டவர். காப்புரிமை பெறுதலில் போசு விருப்பற்றவர் என்பது பலரும் அறிந்தது; அவ்விருப்பின்மையை நண்பர்கள் வென்ற வரலாற்றிற்கு இவ்வொரு வரி சான்றாகின்றது.

தமிழர் பெயர்களே பெருந்தொல்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893-1974) அவர்களின் முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. முன்னது தந்தை பெயர், நடுவிலுள்ளதே அவர்தம் பெயர், இறுதியது குலப்பட்டம். குடும்பப்பெயர் வழியே அடுக்கும் மேலைநாட்டு அகரவரிசை இவற்றுள் எதனைத் தலைப்பாகக் கொள்ளும்? மூன்றையும் தேடுதல் வேண்டும். 'துரைசாமி' என்பதை ஆங்கில எழுத்தில் நான்கைந்து வகையாக எழுதுவர். அவ்வகை அனைத்தையும் முயலுதல் வேண்டும். ஊர்ப்பெயரைத் தலையெழுத்தாகக் கொண்டாரும் உளர். அந்நிலையில் முகவரியும் தொழிலுமே இருவரை வேறுபடுத்தும்.

பதிவு இன்மையால் கண்டுபிடிப்பு இல்லை என்று துணிதல் கூடாது. கட்டணத்திற்கு அஞ்சி விட்டாரும் இருத்தல் கூடும். பதிவு இருப்பினும் அப்பொறி ஓடியது என்பதற்கு அது சான்றாகாது. எண் தெரிந்தபின் விளக்கவுரையையும் வரைபடத்தையும் தேடிப் பெறுதல் வேண்டும். அமெரிக்கப் பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. இந்தியப் பதிவுகளுக்குக் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தை அணுகலாம். வடபழனியார்க்கு அது அணித்தே.